எவ்லெர், அத்லார்

துருக்கி மொழி படிக்கத் தொடங்கி மூன்றாவது வாரம். விகுதி ஒட்டுவது நமக்குப் புதிதா என்ன? எவ் என்றால் வீடு, எவ்லெர் என்றால் வீடுகள். எவ்லெரிமிஸ்தெ என்றால் 'எங்கள் வீடுகளில்'. 'எங்கள்' கூட உள்ளேயே உட்கார்ந்துவிட்டது! சரி, இதுவரை சுகம்.

அப்புறம் குதிரை வந்தது. அத் என்பதன் பன்மை அத்லெர் இல்லை, அத்லார். சொல்லின் கடைசி உயிரெழுத்து வாயின் முன்பக்கம் பிறந்தால் லெர், பின்பக்கம் பிறந்தால் லார். 'என்' சேர்த்தால் இதழ் குவிகிறதா என்றும் பார்க்க வேண்டும்: எல் (கை) எலிம் ஆகும், கொல் (புஜம்) கொலும் ஆகும். புருன் என்றால் மூக்கு. என் மூக்கு? புர்னும். நடு உகரத்தைக் காணோம், நம் 'வீட்டில்' உகரம் ஓடிப்போன மாதிரி.

நேற்று பெருமையாக ஸாஅத்லார் (கடிகாரங்கள்) என்றேன். ஸாஅத்லெர்தான் சரியாம். அரபியிலிருந்து வந்த சொல், அதற்குச் சலுகை.