இரண்டு பலூனும் எழுந்துவிட்டன

1999இல் நம்முடன் டெல்லியில் படித்தவர்களுக்கு, உயிரியல் லேபின் பச்சை அலமாரிக் கைப்பிடியில் வெகுநாள் தொங்கிய இரண்டு பலூன்கள் ஞாபகம் இருக்கலாம். அந்தக் கைங்கரியம் என்னுடையது. பள்ளி மலருக்கு ஏதாவது எழுதச் சொன்னதும் முதலில் நினைவுக்கு வந்ததும் அவைதான்.

ஏப்ரல் கடைசி. லூ என்கிற அனல்காற்று ஆரம்பித்திருந்தது. அறிவியல் கண்காட்சிக்கு மிஸ் எனக்குக் கொடுத்தது ஈஸ்ட். சர்க்கரைத் தண்ணீரில் நன்றாகப் பொங்க வைத்து, இரண்டு பாட்டிலில் பிரிக்க வேண்டும். ஒன்று ஒரு மணி நேரம் 37 டிகிரியில், மற்றது 25 டிகிரியில். அப்புறம் இரண்டையும் கால் மணி நேரம் 50 டிகிரி வெந்நீரில் இறக்கி எடுத்து, ஆறவிட்டு, புதுச் சர்க்கரை போட்டு, பாட்டில் வாயில் பலூனை மாட்ட வேண்டும். பிழைத்த ஈஸ்ட் வாயு விடும், பலூன் எழும். முன்பே சூடு பழகிய பாட்டில் ஜெயிக்கும், மற்றது தொங்கிப்போகும். இதுதான் கணக்கு.

ஏன் என்பதை மிஸ் விளக்கிய விதம் இன்னும் மறக்கவில்லை. புரதம் ஒரு நீளச் சங்கிலி. சரியாக மடிந்தால்தான் வேலை செய்யும். சூடு பட்டால் மடிப்பு அவிழும். உள்ளே ஒளிந்திருந்த, தண்ணீர் ஆகாத பகுதிகள் வெளியே வந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். முட்டை வெள்ளை வெந்து கட்டியாவது அப்படித்தான். செல்லுக்குள் அது நடக்காமல் காக்கச் சில புரதங்கள் உண்டு. ஆங்கிலத்தில் ‘சாப்பரோன்’ என்பார்கள். தமிழில் என்ன சொல்வது என்று மிஸ் யோசிக்க, சாக்பீஸ் வாங்க வந்திருந்த தமிழ் ஐயா, “அகத்திணையில் வருகிற தோழிதானே அம்மா! தலைவியைத் தலைவனோடு சேர்த்துவைப்பாள், தான் மணப்பெண் ஆகமாட்டாள்” என்றார். மிஸ் மேஜையைத் தட்டினார். சாப்பரோனும் மடிய உதவிவிட்டு விலகிவிடும், முடிந்த புரதத்தில் அதற்குப் பங்கு கிடையாது.

இன்னொன்றும் சொன்னார், எனக்குப் பிடித்ததே அதுதான். சாதாரண நாளில் தோழிகளில் சிலர், அபாய மணி அடிக்கும் ஒரு புரதத்தின் கையைப் பிடித்து வைத்திருப்பார்களாம். வெயில் ஏறி அங்கங்கே புரதங்கள் அவிழ, அவர்கள் உதவிக்கு ஓடுவார்கள். கை விடுபடும், மணி அடிக்கும், ஜீன்கள் விழித்துப் புதுத் தோழிகள் நிறையப் பிறப்பார்கள். கூட்டம் போதுமானதும் மறுபடி கையைப் பிடித்துக்கொள்வார்கள். யாரும் உத்தரவு போடத் தேவையில்லை. ஈஸ்டில் ஹெச்எஸ்பி 104 என்று ஒரு தோழிப் புரதம், ஏற்கெனவே ஒட்டிப்போன கட்டியிலிருந்தே சங்கிலியை உருவிப் பிரித்துவிடும். சிக்கு விழுந்த தலையை வாரத் தெரிந்தவள் போல.

சரி, கண்காட்சி நாள். 25 டிகிரி பாட்டிலை ஏர்கூலர் முன்னால் வைத்துவிட்டு பிரெட் பக்கோடா சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் கரண்ட் இல்லை. பாட்டிலில் செருகியிருந்த தெர்மாமீட்டர் 38 காட்டியது. எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. யாரிடமும் மூச்சு விடவில்லை. நடுவர்கள் வந்தார்கள். இரண்டு பலூனும் ஒரே அளவில், ஜோடி மாங்காய் மாதிரி எழுந்து நின்றன. “வித்தியாசம் எங்கே தம்பி?” பரிசு பக்கத்து மேஜை எரிமலைக்குப் போனது. எரிமலைக்கு எப்போதும் பரிசு உண்டு.

சாயங்காலம் உண்மையைச் சொன்னேன். திட்டுவார் என்று நின்றால் மிஸ் சிரிக்கிறார். “இத்தாலியில் ரித்தோசா என்று ஒருத்தர்டா. கூட வேலை பார்த்தவர் இன்குபேட்டர் சூட்டை ஏற்றிவிட்டார். இவர் பழப்பூச்சியின் உமிழ்நீர்ச் சுரப்பியைப் பார்த்தால், குரோமோசோமில் புது இடங்களில் புடைப்பு. அங்கே ஜீன்கள் விழித்துவிட்டன என்பதற்கு அடையாளம் அது. 1962இல் எழுதினார். முதலில் அனுப்பின பத்திரிகை வேண்டாம் என்று திருப்பிவிட்டது. இந்த விஷயமே அங்கிருந்துதான் ஆரம்பம். உன் பாட்டில் பொய் சொல்லவில்லை. டெல்லி வெயில் உனக்கு முன்னால் அதைப் பழக்கிவிட்டது, அவ்வளவுதான்.” ரெக்கார்டு நோட்டில் 38 டிகிரியையும் எழுதவைத்துத்தான் கையெழுத்துப் போட்டார்.

பலூன்களை அவரே அலமாரியில் கட்டினார். இரண்டே நாளில் சுருங்கிவிட்டன, ஆனாலும் யாரும் அவிழ்க்கவில்லை. ஜூலையில் பள்ளி திறந்தபோது தமிழ் ஐயா எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “என்னப்பா, கல்யாணம் முடிந்தும் தோழிகள் கிளம்பக் காணோம்?”