ஒளிக்கு அளவு கிடையாது: மாதிரி ரயில் தளத்தில் இரவுப் படம்

தெருவிளக்குகளை எரியவிட்டு என் மாதிரி ரயில் லேஅவுட்டை முதன்முதலாகப் படமெடுத்தபோது எனக்குக் கிடைத்தது இரவு அல்ல, கறுப்புத் தாளில் சிதறிய வெள்ளைப் பொட்டுகள்தான். எச்.ஓ எனப்படும் மாதிரி ரயில் அளவில் எல்லாம் 87 மடங்கு சிறுக்கின்றன. 6 மீட்டர் உயர விளக்குக் கம்பம் 69 மில்லிமீட்டராகிவிடுகிறது. ஆனால் அதன் உச்சியில் உள்ள எல்.இ.டி. தரும் ஒளி தானாகச் சிறுப்பதில்லை. அதை நாம்தான் சிறுக்க வைக்க வேண்டும் என்பதைப் புரிந்துகொள்ள எனக்குப் பல மாதங்கள் ஆயின.

12 வோல்ட் இணைப்பில் 1 கிலோ ஓம் மின்தடைக்குப் பதிலாக 10 கிலோ ஓம் வைத்தேன். ஏறக்குறைய 9 மில்லி ஆம்பியராக இருந்த மின்னோட்டம் அதில் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது. அறை விளக்கை அணைத்துவிட்டுக் கண் இருட்டுக்குப் பழகும்வரை காத்திருந்து பார்த்தபோது, கம்பத்தடியில் நிற்கும் சிறு மனிதனின் தோளும் தொப்பியும் மட்டும் துலங்கின. அவன் கால்களுக்கு அப்பால் சாலை மெல்ல இருளில் கரைந்தது. நான் தேடியது அந்தக் கரைதலைத்தான்.

இருந்தாலும் விளக்கொளியை மட்டும் நம்பி எடுத்த படத்தில் கூரை எது, வானம் எது என்று தெரியாது. ஆகவே கேமராவை முக்காலியில் அசையாமல் நிறுத்தி, ஒரே கோணத்தில் இரண்டு படங்கள் எடுக்கிறேன். முதலாவதில் தெருவிளக்குகள் அணைந்திருக்கும். நீலத்தாள் போர்த்திய விளக்கின் ஒளி உட்கூரையில் பட்டுத் திரும்பி, கூரை விளிம்புகளை மட்டும் மங்கலாகக் காட்டும். இரண்டாவதில் தெருவிளக்குகள் மட்டும் எரியும்: ஒளியுணர்திறன் ஐ.எஸ்.ஓ 100, லென்ஸ் துளை எஃப்/11, ஒளி பதியும் நேரம் 10 விநாடி. பிறகு கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொரு இடத்திலும் வெளிச்சம் கூடியதை நிற்கவைக்கிறேன். வெண்சமநிலையை, அதாவது எந்த ஒளியை வெள்ளையாகக் கொள்வது என்ற கேமராவின் அமைப்பை, தானியங்கியில் விடாமல் 3200 கெல்வினில் நிறுத்துவது முக்கியம். இல்லையேல் 2700 கெல்வின் விளக்கின் மஞ்சளைக் கேமரா கழுவித் துடைத்துவிடும்.

நிலையக் கட்டடத்தின் மெல்லிய பிளாஸ்டிக் சுவர் உள்விளக்கால் காகித விளக்குக் கூண்டுபோல் ஒளிர்ந்தது. உட்புறத்தில் கறுப்பும் அதன்மேல் வெள்ளையும் பூசிய பிறகே ஒளி சன்னல் வழியாக மட்டும் வெளியே வந்தது. (கூரையும் சுவரும் சேரும் இடுக்கிலும் ஒளி கசியும், அதை மறந்துவிடாதீர்கள்.)

நடந்து செல்பவரின் கண்மட்டம் இந்த அளவில் 18 மில்லிமீட்டர்தான். பெரிய கேமராவின் லென்ஸ் அவ்வளவு தாழாது. அத்தகைய படங்களுக்குக் கைப்பேசியைத் தலைகீழாக நிறுத்தினால் லென்ஸ் தரையை ஒட்டி வந்துவிடும். சென்சார் சிறியது என்பதால் அருகிலுள்ள கம்பமும் தொலைவிலுள்ள பெட்டியும் ஓரளவு சேர்ந்தே தெளிவாகும்.

ஓடும் ரயில் 10 விநாடியில் வெறும் கோடாகிவிடுகிறது. அதனால் முதல் 7 விநாடி அதை நிறுத்திவைத்து, எஞ்சிய 3 விநாடி மெதுவாக நகர்த்துகிறேன். பெட்டியின் உருவமும் நிற்கிறது, சன்னல்களின் ஒளி இழையும் விழுகிறது.

நேற்றைய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, பகலில் கண்ணில் படாத ஒன்று தெரிந்தது: மூன்றாவது கம்பம் தண்டவாளப் பக்கம் சற்றே சாய்ந்திருக்கிறது. அதை நிமிர்த்திவிட்டு இன்றிரவு மறுபடியும் எடுக்கப்போகிறேன்.