நெருஞ்சியும் அரை மில்லிமீட்டரும்

காலையில் நடந்துவிட்டு வந்து செருப்பைத் திருப்பினால், அடியில் நெருஞ்சிக்காய். கத்தி முனையால் நெம்பித்தான் எடுத்தேன். அப்படி ஒரு கெட்டி.

பசிபிக் கடலில் உள்ள கலாபகஸ் தீவுகளில் இதன் நெருங்கிய உறவுச்செடி உண்டு. 1977இல் அங்கே டாஃப்னி மேஜர் என்ற குட்டித் தீவில் மழை பொய்த்தது. சின்ன விதைகள் தீர்ந்து, பெரும்பாலும் இந்த முள்காய்தான் மிச்சம்.

அதை உடைக்கப் பறவைக்குத் தடித்த அலகு வேண்டும்.

உயிரியலாளர்களான பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதியின் குழு அங்குள்ள ஃபிஞ்ச் குருவிகளைப் பிடித்து அலகை அளந்து வைத்திருந்தது. பெரும்பாலானவை செத்துப்போயின. பிழைத்தவற்றின் அலகு சராசரியாக அரை மில்லிமீட்டர் தடிமன் கூடுதல். அவற்றின் குஞ்சுகளுக்கும் தடித்த அலகுதான்.

பரிணாமத்தை யார் கண்ணால் பார்த்தது என்பார்களே, இவர்கள் அளவுகோலோடு பார்த்தார்கள்.

அப்புறம் 1983இல் பேய்மழை. சின்ன விதைகள் பெருகின. ஓரிரு ஆண்டுகளில் சின்ன அலகுக்காரர்களின் கை ஓங்கிவிட்டது!