பின்சீட்டுக்கு ஒரு சாய்மானம்

தூரப் பயணங்களில் பைக் ஓட்டுபவரைவிடப் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் அலுப்பு அதிகம். ஓட்டுபவருக்கு முன்னால் சாலை தெரிகிறது, பிடித்துக்கொள்ள ஹேண்டில்பார் இருக்கிறது, எப்போது பிரேக் பிடிக்கப் போகிறோம் என்பதும் தெரியும். பின்னால் இருப்பவருக்குத் தெரிவதெல்லாம் ஒரு ஹெல்மெட்டின் பின்பக்கம். ஆக்சிலரேட்டரைத் திருகும்போதெல்லாம் உடம்பு பின்னால் போகும். வயிற்றையும் தொடையையும் இறுக்கி அதைச் சமாளித்துக்கொண்டே வரவேண்டும். கொஞ்ச தூரம் போனதும் என் மனைவி தோளைத் தட்டி "எங்கேயாவது நிறுத்துங்க" என்பது வழக்கமாகிவிட்டது. இந்த முறை நெடுஞ்சாலை முடிந்ததும் மலைப்பாதை. அதனால் கிளம்புவதற்கு முன்பே பேக்ரெஸ்ட் மாட்டிவிட முடிவு செய்தோம்.

மெக்கானிக்கிடம் விடாமல் நானே மாட்டியதற்குக் காரணம் உண்டு. போல்ட்டை யார் வேண்டுமானாலும் முடுக்கலாம். சாய்மானம் எந்த உயரத்தில், எவ்வளவு தள்ளி இருக்கவேண்டும் என்பதை அதில் சாயப்போகிறவர் உட்கார்ந்து பார்த்துத்தான் சொல்லமுடியும். ஒரு பட்டறையில் நின்று அத்தனை முறை ஏறி இறங்க யாருக்குப் பொறுமை இருக்கும்?

வாங்கும்போது நான் பார்த்தது ஒன்றுதான்: பேக்ரெஸ்ட்டின் பட்டை எதில் போய்ப் பிடிக்கிறது? சாய்பவரின் எடை கடைசியில் வண்டியின் சட்டத்துக்குப் போய்ச் சேரவேண்டும். பிளாஸ்டிக் மூடியிலோ சீட்டின் அடித்தட்டிலோ நிற்கிற மாதிரி எனக்கு வேண்டாம். எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று விற்பவற்றையும் ஒதுக்கிவிட்டு, எங்கள் மாடலுக்கென்றே செய்ததை எடுத்தேன். பின்னால் இருக்கும் பிடிகம்பியின் போல்ட் துளைகளிலேயே அது உட்காரும்.

வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, சீட்டைக் கழற்றி, பெயின்டில் கீறல் விழாமல் இருக்க மட்கார்டின் மேல் டேப் ஒட்டினேன். கவனிக்கவேண்டியது போல்ட்டின் நீளம். 5 மில்லிமீட்டர் கனமுள்ள பட்டை நடுவில் வந்தால் பழைய போல்ட்டுக்கு 5 மில்லிமீட்டர் மரை குறைந்துபோகும். 8 மில்லிமீட்டர் விட்டமுள்ள போல்ட் என்றால் குறைந்தது அதே அளவு நீளத்துக்காவது மரை உள்ளே பிடித்திருக்கவேண்டும். அதற்காக ரொம்ப நீளமானதைப் போட்டாலும் வம்புதான். மட்கார்டுக்கு உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் முனை, பள்ளத்தில் சக்கரம் மேலே எழும்போது டயரில் உரசும். தலையில் 8.8 என்று வலிமைக் குறியீடு பொறித்த, சரியான நீளமுள்ள போல்ட்டுகளைப் போட்டு, உள்பக்கம் விளக்கடித்துப் பார்த்தேன். இண்டிகேட்டர் ஒயர் எதுவும் பட்டைக்கு அடியில் நசுங்கவில்லை என்பதையும் அப்போதே பார்த்துக்கொண்டேன்.

மரையில் நீல நிற லாக்டைட் (அதிர்வில் போல்ட் தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு. சிவப்பு வேண்டாம், கழற்றவேண்டி வந்தால் சூடுகாட்டவேண்டியிருக்கும். எல்லா போல்ட்டையும் முதலில் கையாலேயே பாதிவரை ஏற்றிவிட்டு, அப்புறம்தான் ஸ்பேனர். ஒரு பக்கத்தை முழுதாக முடுக்கிவிட்டால் மறுபக்கத் துளை நேராக வராது. அதைப் போல்ட்டால் இழுத்து வளைத்துப் பொருத்துவது மகா பாவம்; இடைவெளி இருந்தால் வாஷர் போட்டு நிரப்புங்கள். இறுக்கம் எவ்வளவு என்பதற்கு வண்டியின் கையேட்டைப் பாருங்கள்.

இனி மனைவியின் முறை. பயணத்தில் போடும் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டே உட்காரச் சொன்னேன். அதன் கனமே அளவை மாற்றிவிடும். மெத்தை இடுப்புக்குச் சற்று மேலே, கீழ் முதுகில் பட்டால் போதும். தோள் வரைக்கும் உயர்ந்திருந்தால் ஆளை முன்னால் தள்ளும். "இன்னும் கொஞ்சம் பின்னாடி... இல்ல, ரொம்பப் போயிடுச்சு" என்று கடைசியில் அளவை மாற்றும் துளைகளில் ஒன்றில் வந்து நின்றது. ஏறும் விதமும் மாறியது. பின்னால் உயரமாக ஒன்று நிற்பதால் காலைச் சுழற்றிப் போட இடமில்லை. நான் இரண்டு காலையும் ஊன்றிக்கொள்ள, அவள் என் தோளைப் பிடித்து ஃபுட்ரெஸ்ட்டில் ஏறி, முழங்காலை மடக்கிச் சீட்டுக்கு மேலாக நுழைக்கவேண்டும். வாசலிலேயே பழகிக்கொண்டோம்.

நெடுஞ்சாலையில் நிறுத்தச் சொல்லி ஒரு தட்டுகூட விழவில்லை. ஆனால் எதிர்பாராத ஒன்று: சுகமாகச் சாய்ந்ததில் அவளுக்குத் தூக்கம் வந்துவிட்டது! இரண்டு பக்கமும் தடுப்பில்லாத சீட்டில் அது ஆபத்து. அவ்வப்போது நான் பேச்சுக் கொடுப்பது, அவள் பதில் சொல்வது என்று ஏற்பாடு செய்துகொண்டோம். பிரேக் பிடிக்கும்போது பேக்ரெஸ்ட்டால் ஒரு பயனும் இல்லை, உடம்பு முன்னால்தான் வரும். அப்போது என் இடுப்பையோ பிடிகம்பியையோ பிடித்துத்தான் ஆகவேண்டும்.

மலை வளைவுகளில் வேறொரு வித்தியாசம். முன்பெல்லாம் அவள் என் முதுகோடு ஒட்டி இருப்பாள், என்னோடு சேர்ந்தே சாய்வாள். இப்போது நடுவில் இடைவெளி. அவள் எந்தப் பக்கம் சாய்கிறாள் என்பது எனக்குத் தெரியவில்லை. வளைவின் உள்பக்கத் தோளுக்கு மேலாகச் சாலையைப் பார்க்கச் சொன்னேன், சரியாகிவிட்டது. ஏற்றத்தில் எடை பின்னால் போய் ஹேண்டில் கனம் குறைந்து லேசானது போலிருந்தது. பின் ஷாக் அப்சார்பரில் ப்ரீலோடை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் அளவை) கூட்டியதும் அது குறைந்தது. இருவர் போவதற்கான காற்றழுத்தம் கிளம்பும்போதே வைத்திருந்தேன். பேக்ரெஸ்ட்டில் பையை மாட்ட மட்டும் விடவில்லை, உயரத்தில் பின்சக்கரத்தையும் தாண்டித் தொங்கும் எடை வண்டியை ஆட்டிவிடும்.

மாட்டும்போதே ஒவ்வொரு போல்ட் தலையிலிருந்தும் பட்டை வரை பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போட்டிருந்தேன். இரவு தங்கிய இடத்தில் பார்த்தபோது கோடுகள் நகரவில்லை. மெத்தையைப் பின்னாலிருந்து பிடிக்கும் சின்ன ஸ்குருக்கள்தான் அதிர்வில் தளர்ந்திருந்தன. அவற்றுக்கும் ஒரு சொட்டு லாக்டைட் விட்டுவிடுங்கள்.