ட்ரிஸ்ட்ரமுக்கு அடியில் பதினாறு தளங்கள்

டயாப்ளோ எனக்கு இன்றும் சலிக்கவில்லை. 1996 முடிந்து 1997 பிறக்கும் வேளையில் வந்த கணினி விளையாட்டு. கீழக்கரையில் நம் செட்டுக்கு அதைக் காட்டியது துபாயிலிருந்து வந்த ஒரு காக்காவின் (அண்ணனின்) வீட்டுக் கணினி. மஃரிபுக்குப் பிறகு ஒரே திரையைச் சுற்றி உட்காருவோம். ஒருவன் மவுஸைப் பிடிக்க, மற்றவர்கள் வழி சொல்லிக் கத்துவோம். தொதல் தின்ற கையோடு மவுஸைத் தொடக் கூடாது என்பது அந்த வீட்டு லாத்தா போட்ட சட்டம்.

ட்ரிஸ்ட்ரம் என்ற ஊரின் தேவாலயத்துக்கு அடியில் 16 தளங்கள். ஒவ்வொரு புது ஆட்டத்துக்கும் அந்தத் தளங்களைக் கணினி புதிதாக வரையும். நேற்றுப் படிக்கட்டு இருந்த மூலையில் இன்று சுவர் நிற்கும். இரண்டாம் தளத்து ரத்த அறையில் கத்தியோடு நிற்பானே கசாப்புக்காரன், அவன்கூட எல்லா ஆட்டத்திலும் வரமாட்டான். வருவானா என்று தெரியாமல் கதவைத் திறப்பதுதான் பயம். நம் ஊரில் சங்கு குளிக்க இறங்குகிறவர்களுக்கும் கடலடி அப்படித்தான். கையில் என்ன தட்டுப்படும் என்பது இறங்கினால்தான் தெரியும்.

மேலே ஊர் மட்டும் மாறாது. கிரிஸ்வோல்ட் வாளைச் செப்பனிடுவார். கெய்ன் 100 பொற்காசு வாங்கிக்கொண்டு மந்திரப் பொருளின் குணம் சொல்வார். மரக்கால் பையன் வர்ட் சரக்கைக் காட்டவே 50 கேட்பான். பின்னால் இசையமைப்பாளர் மாட் உல்மனின் பன்னிரண்டு தந்தி கிட்டார். அந்த இசை கேட்டால் உயிரோடு மேலே வந்துவிட்டோம் என்று பொருள்.

இதை முதலில் முறைவைத்து ஆடும் விளையாட்டாகத்தான் வடிவமைத்தார்கள்: நீ ஒரு அடி, பேய் ஒரு அடி. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான டேவிட் பிரெவிக் ஒரே பிற்பகலில் அந்த முறையை எடுத்துவிட்டார். சொடுக்கியதும் எலும்புக்கூடு சரிந்து விழும் அந்தச் சுகம் அன்று பிறந்ததுதான்.

2000-இல் இரண்டாம் பாகம் வந்ததும் நம்மில் பலர் அதற்குப் போய்விட்டார்கள். பெரிய ஆட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதில் ஓடலாம். முதலாவதில் எது துரத்தினாலும் நடைதான்; விளக்கொளி எட்டாத இடமெல்லாம் இருட்டு. என் ஓட்டு அதற்கே.

பழைய பாகம் இன்றைய மடிக்கணினியிலும் ஓடுகிறது, ஒரே நேரத்தில் நான்கு பேர் ஆடலாம். வருகிற நம் செட்டின் அமீரக ஒன்றுகூடலுக்கு நான் கொண்டுவருகிறேன். மந்திரவாதி வேடம் எனக்கு. மற்ற மூவர் யார் என்று இப்போதே சொல்லிவையுங்கள்.