121-ஆம் சங்கீதமும் ஒரு லயன் வீடும்

கோத்தகிரிப் பக்கத்தில் எங்கள் ஆயரின் பொறுப்பில் பல சிறு சபைகள் இருப்பதால், அவர் வர இயலாத ஞாயிறுகளில் என்னைப் போன்ற சபையார் பிரசங்க பீடத்தில் நிற்கிறோம். அப்படி நின்ற ஓர் அக்டோபர் ஞாயிறன்று வேதாகமத்தின் 121-ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொண்டேன். "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்" என்று வாசித்துவிட்டு, தொட்டபெட்டாவின் உயரத்தையும் கோடநாட்டுப் பள்ளத்தாக்கில் எழும்பும் பனியையும் அரைமணி நேரம் வர்ணித்தேன்.

ஆராதனை முடிந்ததும், கொழுந்து பறிக்கும் ஓர் அம்மா வாசற்படியருகே என் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லாப் பேசினீங்க தம்பி. ஆனா மலையப் பாத்தா எனக்கு ஒத்தாசை ஞாபகம் வரல. நாளைக்கும் ஏறணுமேன்னுதான் வருது."

அடுத்த வாரம் அவர் ஆலயத்துக்கு வரவில்லை. ஆயர் வீடு சந்திக்கச் சென்றபோது நானும் உடன் போனேன். மலையகத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்புவது பற்றிய சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தம் 1964-இல் கையெழுத்தான பின் இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பங்களில் ஒன்று அது. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான அந்த லயன் வீட்டின் முன்னறையில், கொழுந்து பறிக்கையில் இடுப்பில் கட்டும் படங்கு ஈரமாகக் கொடியில் தொங்கியது. அம்மா வீங்கிய கணுக்காலை ஒரு பலகைமேல் நீட்டியிருந்தார். ஆயர் வேதாகமத்தை மடியிலேயே வைத்துக்கொண்டு, எந்தச் சரிவில் வழுக்கியது, கூடையில் அப்போது எவ்வளவு கொழுந்து இருந்தது, கூலி எத்தனை நாள் போகும் என்றெல்லாம் கேட்டார். நெடுநேரம் கழித்தே ஜெபித்தார். அந்த ஜெபத்தில் சரிவும் கூடையும் கூலியும் இருந்தன.

வீடு திரும்பி அந்தச் சங்கீதத்தை மீண்டும் படித்தேன். பழைய மொழிபெயர்ப்பில் மலையிலிருந்தே ஒத்தாசை வருவதுபோல் ஒலிக்கும் முதல் வசனம், மூல மொழியான எபிரெயத்தில் ஒரு கேள்வி, 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு, "எங்கிருந்து எனக்கு உதவி வரும்?" என்று அதைக் கேள்வியாகவே தருகிறது. மலை வழியாக எருசலேமுக்கு ஏறிச் சென்றவர்கள் பாடியதாகச் சொல்லப்படும் பதினைந்து ஆரோகண சங்கீதங்களுள் இதுவும் ஒன்று. ஏறுகிறவனுக்கு மலை முதலில் பயம். ஒத்தாசை, மலையை உண்டாக்கினவரிடமிருந்து வருகிறது. படிப்பறிவு அதிகமில்லாத அந்த அம்மா, நான் ஒரு வாரம் ஆயத்தம் செய்தும் காணாததை வாசற்படியில் நின்றபடி சொல்லிவிட்டிருந்தார்.

எங்கள் நீலகிரியிலுள்ள கேத்தியில், சுவிட்சர்லாந்திலிருந்து வந்த பாசல் மிஷன் என்னும் மிஷனெரிச் சங்கம் 1846-இல் பணி தொடங்கியது. அங்கிருந்த மிஷனெரி மெட்ஸ் ஐயர், இம்மலையில் வாழும் படகர்களின் ஊர்களான ஹட்டிகளுக்கு ஒவ்வொன்றாக நடந்து அவர்கள் மொழியிலேயே பேசினார், முதல் படகர் ஞானஸ்நானமோ 1858-இல்தான் நடந்தது. அத்தனை ஆண்டு நடந்தவர்களின் மலையில் இன்று கைப்பேசியில் கேட்ட பிரசங்கத்தை அப்படியே சபைக்குத் தருவது எளிதாகிவிட்டது, அது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. சனிக்கிழமை வீடு சந்திக்காதவன் ஞாயிற்றுக்கிழமை யாரிடம் பேசுகிறான் என்பதே அவனுக்குத் தெரியாது.

கணுக்கால் ஆறியபின் அதே சங்கீதத்தை மறுபடியும் பிரசங்கித்தேன். இம்முறை மூன்றாம் வசனத்தில் தொடங்கினேன்: "உன் காலைத் தள்ளாடவொட்டார்." மூன்றாவது வரிசையில் இருந்த அம்மா குனிந்து, சேலையை இழுத்துத் தம் காலை மூடிக்கொண்டார்.