திரவம் எந்த இடத்தில் சுவரை உணர்கிறது? எல்லை முறைகளை எழுதிச் சோதித்த அனுபவம்

பாகுநிலை மிகுந்த திரவத்தில் துகள்கள் எப்படி நகர்கின்றன என்பதைக் கணினியில் பார்க்க வேண்டும் என்ற ஆசையில், ஓய்வு நேரங்களில் ஒரு இரு பரிமாண லாட்டிஸ் போல்ட்ஸ்மன் நிரலை (திரவத்தைச் சதுரக் கட்ட வலையில் நகர்ந்து மோதும் துகள் கூட்டங்களாகக் கருதிக் கணக்கிடும் முறை) சி++ மொழியில் எழுதி வருகிறேன். திரவத்தின் உட்பகுதியைக் கணக்கிடும் வேலை வியப்பூட்டும் அளவுக்குச் சிறியது. வலையின் ஒவ்வொரு புள்ளியிலும், அதாவது கணுவிலும், ஒன்பது திசைகளுக்கான பரவல் சார்புகளை (அந்தத் திசையில் எவ்வளவு திரவம் செல்கிறது என்ற எண்களை) வைத்துக்கொண்டு, அவற்றை முதலில் மோதவிட்டு, பிறகு அடுத்த கணுவுக்கு நகர்த்தினால் போதும். அதற்கான வரிகள் ஒரே திரையில் அடங்கிவிடுகின்றன. மீதமுள்ள நிரல் முழுவதும் எல்லைகளுக்கானது. சுவர், நிலையான உருளை, நகரும் துகள் என எதை எடுத்துக்கொண்டாலும், நாம் வரைந்த எல்லையும் திரவம் உணரும் எல்லையும் ஒரே இடத்தில் இருக்கின்றனவா என்ற கேள்விதான் முடிவின் தரத்தைத் தீர்மானிக்கிறது. இதுவரை செய்த வேலையை அந்தக் கேள்வியின் வழியாகவே பதிவு செய்கிறேன்.

முதல் சோதனை, இரு இணைச் சுவர்களுக்கு இடையிலான பாய்சொய் ஓட்டம்; அதன் வேகம் நடுவில் உச்சமாகவும் சுவர்களில் சுழியாகவும் பரவளைய வடிவில் அமையும். சுவரை நோக்கிச் செல்லும் பரவல் சார்பை வந்த திசையிலேயே திருப்பி அனுப்புவது பவுன்ஸ் பேக் எனப்படும் மிக எளிய விதி. இதன் பாதிவழி வடிவத்தில் சுவர் கணுவின் மீது அமைவதில்லை. புள்ளிக் கோலத்தில் கோடு புள்ளிகளுக்கு இடையே வளைந்து செல்வதைப் போல, கடைசித் திரவக் கணுவுக்கும் முதல் திடக் கணுவுக்கும் நடுவே அமைகிறது. ஆனால் "நடுவே" என்பது துல்லியமாக உண்மையாவது ஒரு குறிப்பிட்ட நிலையில் மட்டுமே. மோதலில் பரவல் சார்புகள் சமநிலையை நோக்கித் தளரும் வேகத்தைக் குறிப்பது தளர்வு நேரம். ஒற்றைத் தளர்வு நேரத்தைப் பயன்படுத்தும் முறையில் பாகுநிலை என்பது தளர்வு நேரத்திலிருந்து அரையைக் கழித்து மூன்றால் வகுத்த மதிப்பு. அந்த "தளர்வு நேரம் கழித்தல் அரை" என்பதன் வர்க்கம் 3/16 ஆக இருந்தால்தான் கணக்கில் கிடைக்கும் பரவளையம் சரியாக நடுவழியில் சுழியாகிறது. மற்ற மதிப்புகளில் சுவர் சற்றே வெளியே தள்ளியோ உள்ளே இழுத்தோ நிற்கிறது. பகுப்பாய்வின்படி, கால்வாயின் பயனுறு அகலத்தின் வர்க்கம், வரைந்த அகலத்தின் வர்க்கத்தோடு அந்த வர்க்க மதிப்பின் 16/3 மடங்கைக் கூட்டி ஒன்றைக் கழித்தால் கிடைப்பது. அகலம் 16 கட்டங்கள், தளர்வு நேரம் 2 என்று வைத்தால், உச்ச வேகம் சுமார் 4.3 சதவீதம் கூடுதலாக வரவேண்டும். என் நிரலும் அதே அளவு கூடுதலையே காட்டியது.

இதன் பொருள் சாதாரணமானதன்று. திரவத்தின் பாகுநிலையை மாற்றினால் குழாயின் அகலமும் மாறுகிறது என்று ஒரு சோதனைச்சாலையில் யாராவது சொன்னால் நாம் ஏற்க மாட்டோம். இங்கே கணக்கு அதைத்தான் செய்கிறது. இதற்குத் தீர்வாக, ஐரினா கின்ஸ்பர்க்கும் தொமினிக் துமியேரும் வளர்த்தெடுத்த இரு தளர்வு நேர முறைக்கு மாறினேன். அதில் ஒரு தளர்வு நேரம் பாகுநிலையைத் தீர்மானிக்கிறது; மற்றொன்றை, இரண்டிலிருந்தும் அரையைக் கழித்துப் பெருக்கிய மதிப்பு எப்போதும் 3/16 ஆக இருக்கும்படி தேர்ந்துகொள்ளலாம். நிரலில் மாறியவை சில வரிகள்தான், ஆனால் அதற்குப் பிறகு பாகுநிலையை எவ்வளவு மாற்றினாலும் சுவர் வைத்த இடத்திலேயே நின்றது. இந்த முயற்சியில் எனக்கு மிகுந்த நிறைவு தந்த மாற்றம் இதுவே. பலரும் ஒற்றைத் தளர்வு நேரத்திலேயே நின்றுவிடுவதற்குக் காரணம் அதன் எளிமை. பாகுநிலை முக்கியமான ஓட்டங்களில் அந்த எளிமைக்குத் தரும் விலை அதிகம் என்பது என் கருத்து.

அடுத்து வளைந்த எல்லை. இதற்கு ஷேஃபரும் டூரெக்கும் 1996-இல் வெளியிட்ட உருளைச் சோதனையை எடுத்துக்கொண்டேன். 0.41 மீட்டர் உயரமும் 2.2 மீட்டர் நீளமும் கொண்ட கால்வாயில் 0.1 மீட்டர் விட்டமுள்ள உருளை, அதன் மையம் அடிச்சுவரிலிருந்து 0.2 மீட்டர் உயரத்தில். ரெனால்டு எண் (பாகு விசையோடு ஒப்பிட்ட நிலைம விசையின் அளவு) 20. ஓட்டத் திசையில் உருளை உணரும் விசையைக் குறிக்கும் இழுவைக் குணகம் 5.57-க்கும் 5.59-க்கும் இடையிலும், அதற்குக் குறுக்கான விசையைக் குறிக்கும் தூக்குவிசைக் குணகம் 0.0104-க்கும் 0.0110-க்கும் இடையிலும் வரவேண்டும். விட்டத்துக்கு 20 கட்டங்கள் வைத்தால் கால்வாயின் உயரம் 82 கட்டங்கள். கால்வாயின் நடுக்கோடு 41-ஆவது கட்டத்திலும் உருளையின் மையம் 40-ஆவது கட்டத்திலும் விழுகின்றன. அதாவது தூக்குவிசை முழுவதும் ஒரே ஒரு கட்டம் கீழே இறங்கியதால் பிறப்பது. அதன் அளவோ இழுவையில் ஐந்நூறில் ஒரு பங்கு.

இந்த நிலையில் எளிய பவுன்ஸ் பேக் விதி உருளையைப் படிக்கட்டாக மாற்றிவிடுகிறது. படிகளின் பிழை அரைக் கட்டம் வரை செல்லக்கூடியது. தேடும் விளைவைத் தரும் விலகலோ ஒரு கட்டம்தான். இழுவை ஓரளவு பொருந்தினாலும், மையத்தைக் கால் கட்டம் நகர்த்தினாலே தூக்குவிசை கணிசமாக ஆடியது. எனவே பூசிடி, ஃபிர்தௌஸ், லால்மாந்த் ஆகியோர் 2001-இல் தந்த இடைச்செருகல் விதியை எழுதினேன். ஒவ்வொரு எல்லை இணைப்பிலும், திரவக் கணுவிலிருந்து சுவர் எத்தனை பங்கு தொலைவில் வெட்டுகிறது என்பதை முன்கூட்டியே கணக்கிட்டு வைக்க வேண்டும். அந்தப் பங்கு அரைக்குக் குறைவானால், மோதலுக்குப் பிந்தைய மதிப்புகளை அந்தக் கணுவிலிருந்தும் அதற்குப் பின்னுள்ள கணுவிலிருந்தும் கலந்து எடுக்கிறோம். அரைக்கு மேலானால் அதே கணுவின் எதிர்த்திசை மதிப்பைக் கலக்கிறோம். சரியாக அரையாக இருக்கும்போது இரண்டு வாய்ப்பாடுகளும் பழைய பவுன்ஸ் பேக்காகவே சுருங்குவதால், அதையே முதல் சரிபார்ப்பாக வைத்துக்கொண்டேன். இழுவை குறிப்பிட்ட எல்லைக்கு மிக அருகில் வந்தது; தூக்குவிசை, கட்டங்களை நெருக்க நெருக்கச் சீராக ஒரே மதிப்பை நோக்கிச் சென்றது. படிக்கட்டு வடிவத்தில் இல்லாதது அந்தச் சீர்மைதான்.

துகள் நகரத் தொடங்கியதும் சிக்கலின் தன்மை மாறுகிறது. நகரும் சுவருக்கான திருத்தத்தை ஆந்தனி லாட் 1994-இல் தந்தார்: திருப்பி அனுப்பும்போது சுவரின் வேகத்துக்கு ஏற்ற உந்தத்தைச் சேர்க்க வேண்டும். அவருடைய முறையில் துகளின் உள்ளேயும் திரவம் நிறைந்திருக்கும். 1998-இல் ஐடுன், லூ, டிங் ஆகியோர் உள்திரவத்தை நீக்கினர். நான் பின்னதைத் தேர்ந்தேன். வெட்டு ஓட்டத்தில் (வேகம் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்குச் சீராக மாறும் ஓட்டம்) விடப்பட்ட வட்டத் துகள், ஓட்டம் மெதுவாக இருக்கும்போது, வெட்டு வீதத்தில் பாதிக் கோணவேகத்தோடு சுழல வேண்டும். அது எளிதாகவே கிடைத்தது. நீள்வட்டத்துக்கு ஜெஃப்ரி 1922-இல் தந்த சுழற்சிக் காலமும் பொருந்தியது.

தொந்தரவு வேறிடத்தில் இருந்தது. துகள் நகரும்போது அதன் பின்புறத்தில் சில கணுக்கள் புதிதாக வெளிப்படுகின்றன. ஒரு நேரப் படிக்கு முன்பு திடமாக இருந்த அந்தக் கணுவில் இப்போது ஒன்பது பரவல் சார்புகளும் தேவை. அவற்றை எங்கிருந்து எடுப்பது? துகளின் மேற்பரப்பு வேகத்தில் சமநிலை மதிப்புகளை இட்டு நிரப்பினேன். விசையை ஒவ்வொரு படியிலும் அச்சிட்டுப் பார்த்தபோது, நீண்ட நேரம் அமைதியாகச் செல்லும் கோடு, ஒரு கணு வெளிப்படும் அதே படியில் கூர்முனையாக எழுந்து, பிறகு ஒலியலையாகத் தேய்ந்து அடங்கியது. அடர்த்தி வரைபடத்தில் அந்த அலை துகளிலிருந்து வட்டமாக விரிந்து சுவரில் மோதித் திரும்புவதையும் காண முடிந்தது. அண்டைக் கணுக்களிலிருந்து சமநிலை அல்லாத பகுதியையும் சேர்த்து நிரப்பியபோது முனைகள் பெருமளவு தாழ்ந்தன, ஆனால் மறையவில்லை.

ஆகவே, நேரெதிர்த் திசையிலிருந்து வரும் அமிழ்ந்த எல்லை முறையையும் எழுதினேன். இதயத்தின் வால்வுகளைச் சுற்றிய இரத்த ஓட்டத்தைக் கணிக்க சார்லஸ் பெஸ்கின் 1972-இல் அறிமுகப்படுத்திய முறை இது. இங்கே துகள் கணுக்களை வெட்டுவதே இல்லை. அதன் விளிம்பில் குறிப்புப் புள்ளிகளை வைத்து, அங்குள்ள திரவம் துகளின் வேகத்தில் செல்வதற்குத் தேவையான விசையை அருகிலுள்ள கணுக்களில் பரப்புகிறோம். நான்கு கட்ட அகலமுள்ள கொசைன் வடிவப் பரப்புச் சார்பை எடுத்தால், இரு பரிமாணத்தில் ஒவ்வொரு புள்ளியும் 16 கணுக்களைத் தொடும். புள்ளிகளின் இடைவெளி ஒரு கட்டத்துக்கு மேல் மிகவும் விலகினால் திரவம் உள்ளே கசிகிறது. முடிவில் கிடைத்த விசைக் கோடு கூர்முனைகள் இன்றிச் சீராக இருந்தது.

அந்தச் சீர்மைக்கும் ஒரு விலை உண்டு. விசை விளிம்பின் இருபுறமும் பரவுவதால், துகள் தான் வரையப்பட்டதைவிடப் பருத்ததாகத் திரவத்துக்குத் தோன்றுகிறது. எவ்வளவு பருத்தது என்று அளக்க, இரு சுவர்களின் நடுவே மெதுவாக நகரும் உருளைக்கான ஃபாக்ஸேனின் வாய்ப்பாட்டைப் பயன்படுத்தினேன். எல்லையற்ற இரு பரிமாணத் திரவத்தில் உருளைக்கு ஸ்டோக்ஸ் தீர்வே (நிலைமத்தைப் புறக்கணித்த மெதுவான ஓட்டத்தின் தீர்வு) கிடையாது; சுவர்கள் இருந்தால்தான் விடை கிடைக்கிறது, அதுவும் அகலத்துக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதத்தின் மடக்கையைச் சார்ந்து. அகலம் விட்டத்தைப் போல் ஐந்து மடங்காக இருந்தால், ஓரலகு நீளத்துக்கான இழுவை, பாகியல் எண்ணையும் (பாகுநிலையை அடர்த்தியால் பெருக்கிய மதிப்பு) வேகத்தையும் பெருக்கி வரும் தொகையின் சுமார் 16.5 மடங்கு. அந்த அமைப்பில் விட்டம் 1 சதவீதம் கூடினால் இழுவை ஏறத்தாழ 1.15 சதவீதம் கூடும். எனவே கணக்கில் வந்த இழுவையை வாய்ப்பாட்டில் திருப்பிப் போட்டால், திரவம் உணரும் விட்டம் நேரடியாகக் கிடைத்துவிடுகிறது. என் துகளின் ஆரம் ஒரு கட்டத்தின் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குப் பெரிதாக இருந்தது. ப்ரூகெம் 2012-இல் கோளங்களுக்குச் சொன்னதும் இதையொட்டியதே: குறிப்புப் புள்ளிகளைச் சுமார் 0.3 கட்டம் உள்ளே இழுத்து வைக்க வேண்டும். அப்படி வைத்ததும் விட்டம் 16 கட்டங்களே உள்ள துகளுக்கும் இழுவை நன்றாகப் பொருந்தியது. இந்த அளவீட்டைச் செய்யாமல் அமிழ்ந்த எல்லை முறையில் வீழ்வேகத்தைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை என்றே நினைக்கிறேன்.

இரண்டு துகள்கள் நெருங்கும்போது இரு முறைகளுமே திணறுகின்றன. இடைவெளி ஒரு கட்டத்துக்கும் குறைந்தால் இடைச்செருகல் விதிக்குப் பின்னால் கணு இருக்காது. அமிழ்ந்த எல்லையில் இரு பரப்புச் சார்புகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிடும். ஆனால் இடையிலுள்ள மெல்லிய திரவப் படலம் பிதுங்குவதால் எழும் உயவு விசை உண்மையில் அங்குதான் மிக வேகமாக வளர்கிறது. இரு உருளைகளுக்கு இடைவெளியின் ஒன்றரை அடுக்குக்கு எதிர்விகிதத்தில். ஆகவே ஒரு கட்ட இடைவெளிக்குக் கீழே, கட்ட வலையால் காண முடியாத பங்கை மட்டும் வாய்ப்பாட்டிலிருந்து சேர்த்தேன். அதன் பிறகு, ஒன்றின்கீழ் ஒன்றாக விடப்பட்ட இரு வட்டுகள், ஃபோர்டெஸ், ஜோசப், லண்ட்கிரன் ஆகியோர் 1987-இல் சோதனையில் விவரித்தபடியே நடந்துகொண்டன: பின்னது முன்னதன் வாலோட்டத்தில் இழுபட்டு விரைந்து, அதைத் தொட்டு, இரண்டும் சேர்ந்து ஒரு நீண்ட உடலாகி, பிறகு பக்கவாட்டில் புரண்டு பிரிந்தன.

இப்போது ஓடிக்கொண்டிருப்பது செக்ரே–சில்பர்பெர்க் விளைவு. திரவத்தின் அடர்த்தியே கொண்ட கோளங்கள் குழாயில் செல்லும்போது, அச்சிலும் சுவரிலும் நில்லாமல், ஆரத்தில் சுமார் 0.6 பங்கு தொலைவில் திரள்கின்றன என்று அவர்கள் 1961-இல் கண்டனர். அமிழ்ந்த எல்லை முறைக்கு உல்மன் 2005-இல் தந்த வடிவத்தில் துகளின் முடுக்கத்தைப் பெற துகள், திரவம் ஆகிய இரண்டின் அடர்த்திகளின் வேறுபாட்டால் வகுக்க வேண்டும். இங்கே அது சுழி. எனவே துகளுக்குள் அகப்பட்ட திரவத்தின் உந்த மாற்றத்தை ஒவ்வொரு படியிலும் நேரடியாகத் தொகுத்து, துகளின் முழு நிறையால் வகுக்கும்படி சமன்பாட்டை மாற்றி எழுதியிருக்கிறேன். நடுவருகே விட்ட வட்டும் சுவரருகே விட்ட வட்டும் எதிரெதிர்த் திசைகளில் நகர்ந்து ஒரே உயரத்தை நெருங்குகின்றன. பக்கவாட்டு நகர்வு முன்னோக்கிய நகர்வைவிட மிக மெதுவானதால் கணக்கீடு நீண்ட நேரம் எடுக்கிறது. புள்ளிகளை 0.3 கட்டம் உள்ளே இழுத்தும் இழுக்காமலும் அதே கணக்கீட்டை இணையாக ஓடவிட்டிருக்கிறேன். இரண்டும் அடங்கும் உயரங்கள் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதைப் பார்த்த பிறகே, 19 திசைகள் கொண்ட முப்பரிமாண வடிவத்துக்குச் செல்வேன்.